நாளொன்றுக்கு 36 இலட்சம் லீற்றர்

வங்காள விரிகுடாவின் மறுகரையில், விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் தர்லுவாடா என்றொரு கிராமம் இருக்கிறது. மாவும் மரமுந்திரிகையும் விளைகிற மேட்டுநிலம். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி, ஐந்து ஆண்டுகளில் 1,500 கோடி டொலர் செலவில் விசாகப்பட்டினத்தில் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையத் தொகுதி ஒன்றை அமைக்கப்போவதாகக் கூகுள் அறிவித்தது. அதானியும் எயார்டெல்லும் பங்காளிகள். அதற்கான இடங்களாகச் சொல்லப்பட்டவற்றில் தர்லுவாடாவும் ஒன்று. அரசாங்கம் முன்பு ஏழை விவசாயிகளுக்குப் பகிர்ந்து கொடுத்த காணிகள் அங்கே உண்டு. அவற்றைத் திரும்ப எடுப்பதா, எடுத்தால் ஏக்கருக்கு என்ன விலை, வீட்டில் ஒருவருக்கு வேலை கிடைக்குமா என்று ஊர் இரண்டுபட்டது.

இந்தச் செய்தியை அம்பாறைக் கரையிலிருந்து வாசிக்கிறவருக்கு அது வெளியூர்ச் செய்தியாகத் தோன்றாது. கோமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அக்கரைப்பற்றிலிருந்து திருக்கோவில் வழியாகப் பொத்துவிலுக்குப் போகும் வீதியில், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பும் வயலும் காடும். இலங்கையின் கிழக்கு எல்லை முனையான சங்கமன்கண்டி பக்கத்தில்தான். வரைபடத்தில் பார்க்கிற முதலீட்டாளனுக்கு இது வெறுங்காணி. ஊரில் இருக்கிறவர்களுக்கு அப்படியல்ல. 1990இல் இடம்பெயர்ந்த பொத்துவில் கனகர் கிராமத்து மக்கள் தங்கள் காணியைத் திருப்பிக் கேட்டு 2018இல் தெருவோரம் குந்தியிருந்ததை இந்தப் பக்கத்தில் எல்லோரும் அறிவார்கள். வெறுங்காணி என்று ஒன்று இந்தக் கரையில் கிடையாது.

கோமாரியில் தரவு மையம் கட்டுவதாக யாரும் அறிவிக்கவில்லை. அறிவிப்பு வந்த பிறகு கணக்குப் பார்க்கத் தொடங்கினால் காலம் பிந்திவிடும் என்பதால், 100 மெகாவாட் அளவுள்ள ஒரு மையத்தை அந்த மண்ணில் கற்பனையில் வைத்துப் பார்ப்போம். உலக அளவில் இது நடுத்தர அளவுதான். விசாகப்பட்டினத்தில் பேசப்படுவது இதைப்போல் பத்து மடங்கு.

தரவு மையம் என்பது யன்னல் இல்லாத பெரிய கொட்டகை. உள்ளே வரிசை வரிசையாக இரும்பு அலுமாரிகள், அவற்றுக்குள் கணினிகள். நாம் கைபேசியில் பார்க்கும் காணொளி, வங்கிக் கணக்கு, செயற்கை நுண்ணறிவிடம் கேட்கும் கேள்வி எல்லாம் இப்படியான எங்கோ ஒரு கொட்டகைக்குத்தான் போய் வருகின்றன. சர்வதேச எரிசக்தி முகவரகத்தின் கணிப்புப்படி, 2024இல் உலகத் தரவு மையங்கள் உண்ட மின்சாரம் ஏறத்தாழ 415 தெராவாட் மணி. உலக மின்பாவனையில் அது ஒன்றரை வீதம். இலங்கை முழுவதும் ஒரு வருடத்தில் உற்பத்தி செய்வதைப்போல் ஏறத்தாழ 25 மடங்கு. 2030இல் அது 945 தெராவாட் மணியாகும் என்கிறது அதே கணிப்பு.

இவ்வளவு நாள் நகரங்களை ஒட்டியிருந்த இந்தக் கொட்டகைகள் ஏன் கிராமத்துக்கு வருகின்றன? கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடும். கோமாரியிலிருந்து கொழும்புக்கு ஒரு சேதி போய்ச்சேர வினாடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கு கூட வேண்டாம். செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்கும் வேலைக்கோ அந்தத் தாமதமும் பொருட்டில்லை. அது வாரக்கணக்கில் ஓடுகிற வேலை. ஆகவே தூரம் ஒரு தடையில்லை. மின்சாரம், தண்ணீர், காணி, கேள்வி குறைவாகக் கேட்கும் அயல் இவை எங்கே கிடைக்குமோ அங்கே போகலாம். கடைசியாகச் சொன்னதை எந்த நிறுவனமும் தன் அறிக்கையில் எழுதாது.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம், சண்டை அங்கேதான் வரும்.

கணினிக்குள் போகும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். ஆயிரம் கோடி கணக்குகளைப் போட்டு முடித்தாலும் அதில் ஒரு துளி சக்தியும் குறையாது. 100 மெகாவாட் உள்ளே போனால் 100 மெகாவாட் சூடு வெளியே போயாக வேண்டும். போகாவிட்டால் சில நிமிடங்களில் கணினிகள் தாமாகவே நின்றுவிடும். சூட்டை வெளியேற்ற மலிவான வழி, நம் உடம்பு வேர்வையால் செய்வதேதான்: தண்ணீரை ஆவியாக்குவது. ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 24 இலட்சம் யூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். 100 மெகாவாட் என்றால் வினாடிக்குப் பத்துக் கோடி யூல். வகுத்துப் பாருங்கள்: வினாடிக்கு ஏறத்தாழ 42 லீற்றர். நாளொன்றுக்கு 36 இலட்சம் லீற்றர். ஆளுக்கு 120 லீற்றர் வீதம் 30,000 பேரின் ஒருநாள் பாவனை.

இது காகிதத்தில் போட்ட கணக்குத்தானே என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் த டாலஸ் என்ற சிற்றூரில் கூகுளின் தரவு மையங்கள் இருக்கின்றன. ஊரின் சனத்தொகை 16,000 அளவில். மையங்கள் எவ்வளவு தண்ணீர் எடுக்கின்றன என்று அந்த மாநிலத்தின் 'த ஒரேகோனியன்' பத்திரிகை கேட்டது. வியாபார இரகசியம் என்று நகர நிர்வாகம் சொல்ல மறுத்தது. கொடுக்கும்படி பணிக்கப்பட்டதும் அதைத் தடுக்க வழக்கும் போட்டது. ஒரு வருடத்துக்கு மேல் இழுபட்டு 2022 டிசெம்பரில்தான் கணக்கு வெளியே வந்தது. 2021இல் எடுத்தது 35.5 கோடி கலன். லீற்றரில் 134 கோடி. ஊர் முழுவதும் பாவித்த தண்ணீரில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். நாளுக்குப் பிரித்தால் ஏறத்தாழ 37 இலட்சம் லீற்றர்! நாம் மேலே போட்ட கணக்கின் பக்கத்தில் வைத்தால் அது எவ்வளவு என்று விளங்கும். நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஊரின் நீர்வழங்கலை மேம்படுத்த 2.85 கோடி டொலர் தருவதாகவும் கூகுள் ஒப்பந்தம் செய்திருந்தது. கேட்டால் கொடுக்கிறார்கள். ஊர் அறியாமல் ஒப்பந்தம் எழுதுவதுதான் பிரச்சினை.

இனி இதை அம்பாறைத் தண்ணீரோடு வைத்துப் பார்ப்போம். 36 இலட்சம் லீற்றர் வீதம் ஒரு வருடத்துக்கு ஏறத்தாழ 1,065 ஏக்கர் அடி. கல்லோயாத் திட்டத்தில் இங்கினியாகலயில் கட்டிய சேனநாயக்க சமுத்திரத்தின் கொள்ளளவு 7,70,000 ஏக்கர் அடி. ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. நெல்லுக்கு ஒரு போகத்துக்கு ஏக்கருக்கு நான்கு அடி தண்ணீர் வேண்டும் என்று வைத்தால், இந்தத் தரவு மையம் குடிப்பது 270 ஏக்கர் அளவு வட்டைக்குப் பாயும் நீர். தரவு மையம் நாட்டின் தண்ணீரையெல்லாம் உறிஞ்சிவிடும் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பது நல்லது. நெல் இதைவிடப் பெருங்குடிகாரன்.

ஆனாலும் ஒப்பீடு இங்கே முடியவில்லை. வயல் குடிக்கும் தண்ணீரில் கணிசமான பங்கு வாய்க்காலால் வடிந்தும் ஊறியும் கீழ்க்கண்டத்துக்குப் போகும். ஆவியாகிப் போனது போனதுதான். வயலுக்குக் கலங்கல் தண்ணீரும் போதும். தண்ணீரை ஆவியாக்கிச் சூட்டைக் கழிக்கும் குளிர்க்கோபுரத்துக்குத் தெளிந்த, கல்சியம் குறைந்த தண்ணீர் வேண்டும், குழாய்க்குள் சுண்ணாம்பு படிந்தால் மையம் நிற்கும். கோமாரி கல்லோயா வாய்க்கால் பாயும் இடமும் இல்லை. திருக்கோவில், பொத்துவில் பக்கத்து வயல்கள் சாகாமம், கஞ்சிகுடிச்சாறு போன்ற குளங்களையும் வானத்தையும் நம்பியவை. எல்லாவற்றையும் விட, காலம் பொருந்தாது. மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரியில் ஓயும். யூன், யூலை, ஓகஸ்டில் கச்சான் காற்று அனலாக அடிக்கும்போது கிணறு அடியைத் தொடும், களப்பு வற்றி முகத்துவாரம் மணலால் அடைபட்டுக் கிடக்கும். தரவு மையத்துக்குக் குளிர்ச்சி அதிகம் தேவைப்படுவதும் அதே மாதங்களில்தான். வருடச் சராசரியைக் காட்டுகிற எந்த அறிக்கையிலும் ஓகஸ்ட் மாதம் மறைந்துபோகும்.

அப்படியானால் நிலத்தடி நீர்? கடற்கரை மணலுக்குக் கீழே நன்னீர், உப்பு நீரின்மேல் வில்லை வடிவில் மிதந்து கிடக்கிறது. இரண்டின் அடர்த்திக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு. அதனால் கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே நாற்பதடி நன்னீர் இருக்கும். கிபென், ஹெர்ஸ்பேர்க் என்ற இருவர் தனித்தனியாகக் கண்ட கணக்கு இது. திருப்பிப் பார்த்தால் அதன் ஆபத்து தெரியும். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓரடி குறைத்தால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு நாற்பதடி ஏறும். இதன் சிறு பாடத்தை இந்தக் கரை ஏற்கெனவே படித்திருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு உப்பேறிய கிணறுகளை நல்ல மனதோடு பம்பி வைத்து இறைத்துச் சுத்தம் செய்தார்கள். கிழக்குக் கரையில் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் செய்த ஆய்வு, அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணறுகளில் உப்பு குறையவில்லை, மேலும் ஏறக்கூடும் என்று காட்டியது. கடைசியில் கிணறுகளைக் கழுவியது மாரி மழைதான். குடிகிணற்றை இறைத்ததற்கே அந்தக் கதி என்றால், நாளுக்கு 36 இலட்சம் லீற்றரை அந்த மணலிலிருந்து எடுப்பதைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

கடல்நீர் பக்கத்தில் கிடக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. பின்லாந்தின் ஹமினாவில் பழைய காகித ஆலையை வாங்கி, 2011 முதல் கடல்நீரால் தரவு மையத்தைக் குளிரவைக்கிறது கூகுள். அது பால்டிக் குளிர்நீர். நமது கடலின் மேற்பரப்பு வருடம் முழுவதும் 27 பாகைக்கு மேல். முடியாது என்றில்லை, செலவு ஏறும். சூடேறிய நீரைத் திரும்பக் கரைவலைப் பாட்டுக்குள் விட வேண்டிவரும். இன்னொரு வழி, தண்ணீரே இல்லாமல் மூடிய குழாய்ச் சுற்றும் காற்றாடிகளும். நிறுவனங்கள் இப்போது விரும்பிக் காட்டுவது இதைத்தான். தண்ணீர் மிச்சம் என்பது உண்மை. ஆனால் 35 பாகைக் காற்றில் சூட்டைக் கழிக்க மின்சாரம் கூடுதலாக வேண்டும். தண்ணீரில் மிச்சம் பிடித்தது மின்பட்டியலில் வந்து நிற்கும். எங்கே குறைத்தார்கள் என்று கேட்டால் மட்டும் போதாது, எங்கே கூட்டினார்கள் என்றும் கேட்க வேண்டும்.

மின்சாரத்தில் இலங்கையின் நிலை விசித்திரமானது. 100 மெகாவாட் இரவும் பகலும் ஓடினால் நாட்டின் வருட உற்பத்தியில் ஏறத்தாழ 5 வீதம். இங்கினியாகல நீர்மின் நிலையத்தின் அளவு 11 மெகாவாட் சொச்சம். அதைப்போல் ஒன்பது வேண்டும். மறுபுறம், வெயிலேறிய நண்பகலில் நாட்டில் மின்சாரம் மிஞ்சுகிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் நாடு முழுவதும் இருண்டது. பாவனை குறைந்து சூரியமின் நிறைந்திருந்த முற்பகல் என்பதால் வலையமைப்பு அந்த அதிர்ச்சியைத் தாங்கவில்லை. அதே வருடம் புத்தாண்டு விடுமுறையில் கூரை சூரியமின்னைப் பகலில் அணைத்து வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. அப்படியானால் பகலில் உண்ணும் ஒரு பெரிய வாய் நாட்டுக்கு நன்மைதானே? தத்துவத்தில் சரி. பயிற்றுவிக்கும் வேலையை வெயிலோடு கூட்டிக் குறைக்க முடியும். ஆனால் கோடிக்கணக்கில் கொட்டி வாங்கிய கணினிச் சில்லுகளைச் சூரியன் மறைந்ததும் சும்மா வைத்திருக்க எந்த முதலாளியும் சம்மதிக்கமாட்டான். இரவில் அது பெரும்பாலும் நுரைச்சோலையின் நிலக்கரியிலோ டீசலிலோ ஓடும்.

முழுவதும் சூரியமின்னில் ஓட்டுவோம் என்றும் சொல்வார்கள். பொத்துவிலுக்கு மேற்கே சியம்பலாண்டுவையில் அமைவது 100 மெகாவாட் சூரியப் பூங்கா. பெயரில் 100 என்றாலும் இரவு, மேகம் எல்லாம் கழித்தால் சராசரியாகக் கிடைப்பது 20 மெகாவாட் அளவுதான். ஆக, 100 மெகாவாட் மையமொன்றுக்கு இப்படி ஐந்தாறு பூங்காவும் இரவுக்கு மின்கலங்களும் வேண்டும். கொட்டகைக்கு ஐம்பது ஏக்கர் கேட்கிறவர்களின் உண்மையான காணித் தேவை அந்தப் பலகைகளோடு சேர்த்து எத்தனை மடங்கு என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, ஊருக்கு என்ன கிடைக்கும்? கட்டும் இரண்டு மூன்று வருடத்துக்கு நூற்றுக்கணக்கில், சிலவேளை ஆயிரம் பேருக்கு மேல் வேலை உண்டு. கட்டி முடிந்தபின் காவலாளியையும் சேர்த்து நூற்றுச் சொச்சம் பேர் போதும். அதில் பொறியியலாளர்கள் கொழும்பிலிருந்து வருவார்கள். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த பிள்ளைகளுக்குச் சில இடம் கிடைக்கலாம், அது சிறிய விடயமில்லை.

வரிதான் உண்மையான வித்தியாசம். அமெரிக்காவில் வேர்ஜீனியா மாநிலத்தின் லவுடன் கவுண்டி உலகிலேயே தரவு மையங்கள் நெருங்கிக் கிடக்கும் இடம். அங்கே மையத்துக்குள் இருக்கும் கணினிகளுக்கே உள்ளூர் நிர்வாகம் வரி போடலாம். அதன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்படித்தான் வருகிறது, பள்ளிக்கூடங்கள் அதில் நடக்கின்றன. இரைச்சல் என்றும் மின்கம்பி என்றும் அங்கேயும் மக்கள் முறைப்படுகிறார்கள், ஆனால் தராசின் மறு தட்டில் வைக்க அவர்களிடம் ஏதோ இருக்கிறது. பொத்துவில் பிரதேச சபைக்கு அந்த அதிகாரம் கிடையாது. இங்கே கட்டடத்துக்குச் சோலைவரி, அதோடு சரி. பெரிய வரி கொழும்பின் விடயம். அதையும் 2008ஆம் ஆண்டின் மூலோபாய அபிவிருத்திக் கருத்திட்டச் சட்டத்தின் கீழ் பல வருடங்களுக்குத் தள்ளுபடி செய்ய முடியும். நன்மை கொழும்புக்கு, சூடும் இரைச்சலும் கோமாரிக்கு. லவுடனை உதாரணம் காட்டி இங்கே மையம் கேட்கிறவர் லவுடனின் வரிச்சட்டத்தையும் சேர்த்துக் கொண்டுவரட்டும்.

பேரம் பேசும் பலமுள்ள இடங்கள் இப்படியே விட்டுவிடவில்லை. சிங்கப்பூர் 2019இல் புதிய மையங்களை நிறுத்திவைத்து, 2022இல்தான் நிபந்தனைகளோடு திறந்தது. அங்கிருந்து வழிந்தோடியவை மலேசியாவின் ஜொகூருக்குப் போயின. நம் உறவுகள் தலைமுறையாகப் பால் வெட்டிய மண் அது. கூலாயில் செம்பனைத் தோட்டம் ஒன்றே தரவு மையப் பூங்காவாகிவிட்டது. ஜொகூரும் விழித்துக்கொண்டது. 2024இல் தனிக் குழு அமைத்து, வந்த விண்ணப்பங்களில் ஏறத்தாழ 30 வீதத்தைத் திருப்பி அனுப்பியது.

இந்தக் கரைக்கு வேறு நாட்டுப் பாடமும் தேவையில்லை. ஒலுவில் துறைமுகம் இருக்கிறது. மறைந்த அமைச்சர் அஷ்ரப்பின் கனவு அது. டென்மார்க் கடனில் 2008இல் வேலை தொடங்கி 2013 செப்டெம்பரில் திறந்தார்கள். கரையோரமாக வடக்கே நகரும் மணலை அலைதடுப்புச் சுவர் மறித்தது. தெற்கே மணல் குவிந்து வாயை அடைத்தது. வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கடல் தென்னந்தோப்புகளை அரித்துக்கொண்டு போனது. கப்பல் வரவில்லை. 2018இல் வாயைத் தோண்டு என்று மீனவர்களும், தோண்டினால் ஊர் போகும் என்று ஒலுவில் மக்களும் எதிரெதிரே நின்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. மணல் எந்தப் பக்கம் நகரும் என்று கரைவலைக்காரருக்குத் தெரிந்ததை யாரும் முதலிலேயே கேட்டு எழுதி வைக்கவில்லை என்பதுதான் என் முறைப்பாடு.

தரவு மையம் வருமுன் ஊரிடம் அப்படிக் கேட்கச் சட்டம் உதவுமா? சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டிய கருத்திட்டங்களின் பட்டியல் 1993 யூன் 24ஆம் திகதி வர்த்தமானியில் வந்தது. தரவு மையம் என்ற பெயரே அதில் இல்லை. அப்போது அப்படியொன்று இந்த நாட்டில் இல்லை. நிலத்தடி நீர் எடுப்பதற்கு அந்தப் பட்டியல் வைத்த எல்லை நாளுக்கு ஐந்து இலட்சம் கனமீற்றர். நம் மையத்தின் தேவை 3,600 கனமீற்றர்தான். கிணறுகளை உப்பாக்கப் போதும், சட்டத்தைத் தொடப் போதாது. 50 ஹெக்டெயருக்கு மேல் காணி வெட்டினாலோ, பத்துக் கிலோமீற்றருக்கு மேல் உயர் அழுத்த மின்பாதை இழுத்தாலோ மதிப்பீடு வரும். அதாவது மையத்துக்கு வரும் கம்பியைப் பற்றி ஊரிடம் அபிப்பிராயம் கேட்கச் சட்டம் உண்டு, மையத்தைப் பற்றிக் கேட்கக் கட்டாயம் இல்லை.

என் தீர்ப்பைக் கேட்டால், இன்றைய நிலையில் கோமாரிக்கு இது நட்டக் கணக்கு. இலங்கைக்கு வரும் கடலடிக் கேபிள்கள் கொழும்பு, கல்கிசை, மாத்தறைப் பக்கம் கரையேறுகின்றன. 1978 சூறாவளியும் 2004 சுனாமியும் கண்ட தாழ்ந்த கரை இது. ஈரக்காற்றில் ஆவிக் குளிர்ச்சியும் ஒரேகன் அளவுக்கு வேலை செய்யாது. இத்தனையையும் தாண்டி ஒரு நிறுவனம் இங்கேதான் வேண்டும் என்று வந்தால், அது தேடி வருவது தொழில்நுட்ப வசதியை என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. கழிவுநீரைச் சுத்தம் செய்து பாவிக்கும், நண்பகல் சூரியமின்னில் ஓடும், பிரதேச சபைக்கு வருடாவருடம் பங்கு கட்டும் சிறிய மையம் ஒன்று என்றால், உட்கார்ந்து பேசலாம்.

பேசுவதற்கு ஒரு கருவியும் கையில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். காணி அளக்க ஆள் வந்த அன்றே பிரதேச செயலகத்துக்குப் போய் எழுத்தில் கேளுங்கள்: எத்தனை மெகாவாட், ஓகஸ்ட் மாதத்தில் நாளுக்கு எத்தனை லீற்றர், எந்த நீரிலிருந்து, கழிவுநீர் எந்தக் களப்புக்கு, எத்தனை வருட வரிச்சலுகை. விண்ணப்பம் தமிழில் இருந்தால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. தருகிறோமா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானித்தாக வேண்டும். வியாபார இரகசியம் என்று மறுத்தால் முதலில் அங்கேயே குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்; பொதுநலன் மேலோங்கினால் அந்த விலக்கு செல்லாது என்று சட்டத்தின் 5ஆம் பிரிவே சொல்கிறது.